மணி அடிங்க, ரயில் பாதையில் சைக்கிள் வருது!

உங்கள் சைக்கிள் சக்கரத்துக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று சொல்லட்டுமா? மேலே சரளையும் புல்லும். அதற்குக் கீழே, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ரயிலைத் தாங்கித் தாங்கி இறுகிப்போன மண். அந்த மண்ணுக்குள்ளே, புக்கிட் தீமா பக்கத்திலிருந்து தஞ்சோங் பகார் நோக்கி, நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் குழாய்! மர்னேன் குழாய்த் திட்டம் என்று அதற்குப் பெயர். மொத்த நீளம் 22 கிலோமீட்டர்; அதில் ஏறத்தாழ பாதி பழைய ரயில் பாதைக்கு அடியில்தான் போகிறது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் என் ஆறு வயது மகன் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுத் தரையில் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டான். "அம்மா, தண்ணி ஓடுது! நெஜமா ஓடுது!" அவனுக்குக் கேட்டதென்றால் கேட்டதுதான்.

சிங்கப்பூரின் ரயில் காரிடாரில் இரும்புப் பாலத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் இப்போது குறைவு. நான் உங்களை அழைத்துப்போக நினைப்பது அதன் பின்கட்டுக்கு. வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் நீளும் இந்தத் தடத்தில் 2011 ஜூன் 30 இரவு வரை மலாயா ரயில் ஓடியது. தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பிய அந்தக் கடைசி ரயிலை ஓட்டிப் போனவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். ஒரு மன்னரே எஞ்சினில் ஏறி நின்று விடைகொடுத்த பாதையில் நம் வீட்டுப் பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறார்கள். எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது!

முதல் நாள் ராத்திரி

ஒரு குடும்ப சைக்கிள் பயணத்தின் உண்மையான பரபரப்பு முதல் நாள் ராத்திரியே தொடங்கிவிடும். புளோக்கின் கீழ்த்தளத்தில் நான்கு சைக்கிள்களையும் வரிசையாக நிறுத்தி, கையில் பம்புடன் என் கணவர் உட்கார்ந்திருப்பார். தார் ரோட்டுக்கு அடிக்கிற காற்றைச் சரளைப் பாதைக்கு அடிக்கக் கூடாது என்பது அவருடைய முதல் பாடம். கொஞ்சம் குறைத்துவைத்தால் டயர் கல்லைக் கவ்விக்கொள்ளும், குலுக்கலும் குறையும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் லேசாக உள்வாங்க வேண்டும், அந்த அளவுதான் கணக்கு. பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளிப் பார்ப்பார். சக்கரம் நகர்ந்தால் அன்றைக்கு அந்த சைக்கிளுக்குத் தூக்கம் கிடையாது. சின்னவனின் சீட்டை, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும்படி இறக்கிவைப்பார். பதினொரு வயது மகளுக்கு முன்பாதம் பட்டால் போதும். "நான் பெரியவ ஆயிட்டேன்ல அப்பா, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று அவள் கேட்பாள். அரை அங்குலம் ஏற்றுவார். அந்த அரை அங்குலத்துக்கு அவள் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டுமே!

மேலே சமையலறையில் என் மாமியார் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருப்பார். அத்தைக்கு ரயில் என்றால் புளிச்சாதம். கல்யாணமான புதிதில் தஞ்சோங் பகாரில் ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் போனவர் அவர். வாழை இலையை அடுப்பில் காட்டி வாட்டி, உள்ளே புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்துக் கட்டிக்கொண்டு போவார்களாம். "ரயில் இல்லாட்டி என்னம்மா, ரயில் பாதைதானே? புளிச்சாதம் இல்லாம எப்படி?" என்பார். நியாயம்தானே!

கட்டிய பொட்டலங்கள் எவர்சில்வர் டப்பாவுக்குள் போகும், டப்பா முதுகுப்பைக்குள் போகும். பிளாஸ்டிக் பைக்கு எங்கள் வீட்டில் அன்று தடை. காரணம், பாதையோரக் குரங்குகள். புக்கிட் தீமா காட்டை ஒட்டிப் போகும் பகுதியில் நீண்ட வால் குரங்குகள் ஏராளம். பிளாஸ்டிக் பை சரசரத்தால் அதற்குள் தீனி இருக்கிறது என்பது அவற்றுக்கு அத்துபடி. கையில் பை தொங்காவிட்டால் அவை பாட்டுக்கு மரத்தில் இருக்கும், நாம் பாட்டுக்குப் போகலாம். தீனி போடுவதோ சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்துக்காக மட்டும் நான் சொல்லவில்லை. மனிதன் கையை எதிர்பார்க்கப் பழகிய குரங்கு கடைசியில் ரோட்டுக்கு வரும், கார் சக்கரத்துக்கு அடியில் போகும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைத்தால் அவர்களே காவலாளி ஆகிவிடுகிறார்கள்.

ஆணி எண்ணும் பாலம்

ஹில்வியூ பக்கம் ரெயில் மாலில் ஆரம்பித்துத் தெற்கே டாங்ளின் ஹால்ட் வரை போகலாம். சின்னப் பிள்ளைகளோடு போக இதைவிட நல்ல பகுதி இல்லை என்பது என் தீர்ப்பு. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அப்பர் புக்கிட் தீமா ரோட்டுக்கு மேலே அந்தக் கறுப்பு இரும்புப் பாலம் வந்துவிடும். பேருந்தில் போகும்போது கீழேயிருந்து எத்தனையோ தடவை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். இப்போது மேலே நிற்கிறீர்கள், கீழே பேருந்து போகிறது!

பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதுவே நல்லது, ஏனென்றால் இந்தப் பாலத்தை மெதுவாகத்தான் பார்க்க வேண்டும். அருகில் போய் ஒரு தூணைத் தொட்டுப் பாருங்கள். இரும்புப் பட்டைகள் சேரும் இடமெல்லாம் அரைக்கோளமாகப் புடைத்த தலைகள் வரிசை வரிசையாக நிற்கும். அவைதான் ரிவெட் ஆணிகள். இந்த முறையில் பாலம் கட்டியவர்கள் ஒவ்வோர் ஆணியையும் உலையில் செக்கச்செவேலென்று காயவைத்து, சூடு ஆறுவதற்குள் துளையில் செருகி, ஒரு பக்கம் ஒருவர் முட்டுக்கொடுக்க, மறுபக்கத் தலையை அடித்து விரித்தார்கள். ஆணி குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு பட்டைகளையும் தானாகவே இழுத்து இறுக்கிக்கொள்ளும். வெறும் சூட்டையும் குளிர்ச்சியையும் வைத்து இறுக்கிய பாலம் ரயிலையே தாங்கியிருக்கிறது! மகள் ஒரு மூட்டில் மட்டும் எத்தனை ஆணி என்று விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள். தம்பி எதிர்ப்பக்கத் தூணை எடுத்துக்கொண்டான். யார் பக்கம் அதிகம் என்று ஒரே சண்டை. பின்னால் நடந்துவந்த ஒரு வயதான சீனத் தம்பதி நின்று, சிரித்து, அவர்களும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்!

பாலம் தாண்டியதும் பாதை மலையை ஒட்டித் திரும்பும். சிங்கப்பூரிலேயே உயரமான இடம் புக்கிட் தீமா குன்று, 163 மீட்டர் உயரம். அதன் காலடியில் சைக்கிள் ஓட்டுகிறோம். ஆனால் சின்னவனுக்கு மூச்சு வாங்கவில்லை, பெடலை அழுத்தி எழுந்து நிற்கவில்லை, பாட்டு வேறு பாடிக்கொண்டு வருகிறான். எப்படி?

இங்கேதான் பாதையின் பெரிய ரகசியம் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் அத்தனை பெட்டிகளை இழுக்க முடிகிறது. அதே காரணத்தால் ஏற்றம் செங்குத்தாக இருந்தால் சக்கரம் வழுக்கும். ஆகவே ரயில் பாதை போடுகிறவர்கள் மேட்டைக் கண்டால் வெட்டுவார்கள், பள்ளத்தைக் கண்டால் மண் கொட்டி உயர்த்துவார்கள், ரோட்டையும் வாய்க்காலையும் கண்டால் பாலம் போடுவார்கள். ஏற்றமே தெரியாத அளவுக்குத் தரையைச் சமன்செய்த பிறகுதான் தண்டவாளம் வரும். எஞ்சினுக்காகச் சமன்செய்த தரை இன்றைக்கு ஆறு வயதுப் பையனின் கால்களுக்கு அப்படியே பொருந்திவிட்டது!

மலையோரத்தில் இரண்டு பக்கமும் மண்சுவர் எழும்பி நிற்கும் இடங்களில் வண்டியை நிறுத்துங்கள். ரயிலுக்காக வெட்டிய மலை அது. இன்று பெரணி படர்ந்து, பாசி பிடித்து, பச்சைப் பசேலென்று குளிர்ந்து கிடக்கிறது. அடுக்குமாடி நகரத்தின் நடுவில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். மண்வெட்டி பிடித்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். மலாயா ரயில்வேயின் பாதை போடும் வேலையிலும் பராமரிக்கும் வேலையிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெருந்திரளாக இருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியிலும் கிளார்க் மேசையிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாம் சைக்கிள் ஓட்டும் இந்தச் சமதளத்தில் அவர்களுடைய வியர்வையும் இருக்கிறது. என் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். தழுதழுக்கட்டும்.

"அம்மா, மேலே பாருங்க!" என்று மகள் கத்தினாள். இருவாச்சி! கறுப்பும் வெள்ளையுமாக, மஞ்சள் அலகின் மேல் கொம்பு வைத்துக்கொண்டு, ஜோடியாக. ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்து காணாமலே போயிருந்த பறவை, திரும்பிவந்து குடும்பம் நடத்துகிறது. சிறகடிக்கும் ஓசை கீழே நிற்கிற நமக்கே கேட்கும். காட்டுப் பகுதியில் இந்தப் பாதைக்கு விளக்குகள் போடாததும் இவர்களைப் போன்ற குடியிருப்பாளர்களுக்காகத்தான். இரவு அவர்களுடையது, பகல் நமக்கு.

வளையம் வாங்கிய டிரைவர்

இந்தப் பாதை ஏன் மிச்சமிருக்கிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு சதுர அடியும் பொன்னுக்கு விலைபோகும் ஊரில், நடுவே 24 கிலோமீட்டர் நிலம் யாரும் கட்டடம் எழுப்பாமல் எப்படித் தப்பியது? அதன் பின்கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1903-ல் டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை முதல் ரயில் பாதை வந்தது. அப்போது கடற்பாலம் கிடையாது. உட்லண்ட்ஸில் இறங்கிப் படகேறித்தான் ஜொகூர் போக வேண்டும். 1918-ல் ஒரு சட்டம் போட்டு ரயில்வே நிலத்தை மலாயா ரயில்வே கையில் கொடுத்தார்கள், பெரும்பகுதி 999 ஆண்டுகளுக்கு! 1965-ல் சிங்கப்பூர் தனி நாடானது. ஆனால் தண்டவாளமும் அதை ஒட்டிய நிலமும் மலேசிய ரயில்வேயிடமே இருந்தன. சுற்றிலும் நகரம் வளர்ந்தது, இந்தக் கீற்று மட்டும் காடாகவே கிடந்தது.

1990-ல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் ஸைனுதீனும் இந்த ரயில்வே நிலம் பற்றி ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதிலேயே இருபது ஆண்டுகள் போயின. அந்த இழுபறியில் நடந்த ஒரு வேடிக்கையை அத்தை சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 1998-ல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா தஞ்சோங் பகாரிலேயே இருந்துவிட்டது. ஆகவே 2011 வரை, ரயிலேறுகிறவர் முதலில் மலேசியாவுக்குள் நுழைவார், அதற்கப்புறம்தான் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார்! "அப்ப பாட்டி, நடுவுல நீங்க எந்த நாட்டுல இருந்தீங்க?" என்று பேரன் கேட்டான். "ரயில்ல இருந்தேன்டா கண்ணு" என்றார் அத்தை.

2010-ல் இரு நாடுகளும் ஒருவழியாகக் கைகுலுக்கின. ரயில்வே நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த மனைகளில் மரினா ஒன், டுவோ கோபுரங்கள் எழுந்தன. அதே 2010-ல் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம், இந்தத் தடத்தை முழுசாகப் பசுமைப் பாதையாகக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு திட்டத்தை எழுதி அரசாங்கத்தின் முன் வைத்தது. ரயில் நின்றதும் 2011 ஜூலையில், தண்டவாளத்தைப் பெயர்ப்பதற்கு முன்பு, மக்களைக் கொஞ்ச நாள் அதன்மேல் நடக்க விட்டார்கள். குடும்பம் குடும்பமாக வந்தார்கள், மழையிலும் வந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்த எவருக்கும் இதைத் துண்டு போட்டு விற்க மனசு வந்திருக்காது. பெயர்த்த தண்டவாளம் மலேசியாவுக்குத் திரும்பிப் போனது. பாதை நமக்குக் கிடைத்தது.

அதன் இதயம் புக்கிட் தீமா ரயில் நிலையம். இரண்டாவது இரும்புப் பாலத்தைத் தாண்டினால், செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக, 1932-ல் கட்டிய அந்தச் சின்னக் கட்டடம் வந்துவிடும். பழுதுபார்த்து, 2022 ஜூலை 1 அன்று மறுபடி திறந்தார்கள். அத்தை எங்களுக்கு முன்பே கிங் ஆல்பர்ட் பார்க்கில் எம்ஆர்டியை விட்டு இறங்கி நடந்துவந்து, வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும் இடத்தில் டப்பாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். புளிச்சாதத்தை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் தண்டவாளத்துக்கு ஓடினார்கள். இங்கே கொஞ்ச தூரம் தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். இரண்டு கம்பிகளுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். மகள் நோட்டுப் புத்தகத்திலிருந்து அடிக்கோலை எடுத்து மும்முறை வைத்து அளந்து, மிச்சத்தை விரலால் அளந்து, "கரெக்ட்டா ஒரு மீட்டர்ப்பா!" என்று குதித்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த மீட்டர், ரயில் அளவுக்கு வளர்ந்து அவள் முன்னால் கிடந்தது!

பிளாட்பாரத்தில் நெடுநெடுவென்று நிற்கும் நெம்புகோல்களைப் பாருங்கள். எனக்கு இந்த நிலையத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். சிக்னல்காரர் ஒரு நெம்புகோலை இழுத்தால், அதோடு கட்டிய கம்பி கப்பிகள் வழியே ஓடி, தூரத்தில் சிக்னல் கையை ஏற்றி இறக்கும். இன்னொன்றை இழுத்தால் தண்டவாளமே நகர்ந்து ரயிலை வேறு தடத்துக்குத் திருப்பும். எல்லாம் ஒரு மனிதனின் தோள் பலத்தில்!

இந்தப் பாதை ஒற்றைத் தடம். எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் என்ன ஆகும்? அதற்குத்தான் சாவி டோக்கன். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒவ்வோர் இயந்திரம் இருக்கும். இரண்டையும் மின்கம்பி இணைக்கும். ஒரு டோக்கனை வெளியே எடுத்துவிட்டால் இரண்டு இயந்திரமும் பூட்டிக்கொள்ளும், இன்னொன்றை எடுக்கவே முடியாது. டோக்கன் கையில் இருக்கிற டிரைவருக்குத்தான் அந்தத் தடம் சொந்தம். அவர் அடுத்த நிலையத்தில் அதைத் திருப்பிக் கொடுத்து இயந்திரத்தில் போட்டால்தான் பூட்டு திறக்கும். கணினியும் கேமராவும் வந்த பிறகும் 2011 வரை புக்கிட் தீமாவில் இந்த முறைதான்.

அந்தக் காட்சியை அத்தை சொல்லித்தான் கேட்க வேண்டும். "ஜன்னல்ல எட்டிப் பாத்தா, பிளாட்பாரத்துல ஒருத்தர் பெரிய வளையத்தைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. வளையத்துல ஒரு தோல் பை தொங்கும், அதுக்குள்ளதான் டோக்கன். ரயில் நிக்காது, மெதுவா ஊர்ந்து போகும். டிரைவர் கையை நீட்டுவாரு, வளையம் தோள்ல போய் மாட்டிக்கும்! பழசை இந்தப் பக்கம் குடுத்துருவாரு." சொல்லிக்கொண்டே தன் கைப்பையின் வாரை வட்டமாகப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அப்புறம் என்ன! மகன் சைக்கிளில் ஊர்ந்து வர, பாட்டி வளையத்தை நீட்ட, அவன் கையை நீட்டி வாங்க, பிளாட்பாரமே அமளிதுமளி. பக்கத்துக் குடும்பத்து மலாய்ப் பிள்ளைகள் இரண்டு பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். எழுபதைத் தாண்டிய அத்தை, எல்லாருக்கும் டோக்கன் கொடுத்துத் தீர்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இங்கே இறக்கி ஏற்றிய சரக்குகளில் பந்தயக் குதிரைகளும் உண்டு; புக்கிட் தீமாவில் பந்தயத் திடல் இருந்த காலத்தில் குதிரைகள் இந்த நிலையத்தில்தான் ரயிலை விட்டு இறங்கின. குதிரையை எந்த வாசல் வழியாக இறக்கியிருப்பார்கள் என்று பிள்ளைகள் தேட ஆரம்பித்தார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது, நகர வேண்டியதாயிற்று.

நிலையத்துக்குத் தெற்கே பாதை அகன்று, வீடுகளின் பின்பக்கம் போகிறது. துணி காயும் கொடிகளும் வாழைமரங்களும் கடந்து போகும். புவன விஸ்தா பாலத்தடியில் சுவர் முழுக்க ஸ்பிரே ஓவியங்கள். அனுமதி வாங்கி வரையும் இடம் அது. அங்கிருந்து டாங்ளின் ஹால்ட். ரயில் நின்று சென்ற இடத்தின் பெயரே ஊர்ப்பெயராகிவிட்டது.

அங்கே சைக்கிளை விட்டு இறங்கிக் காமன்வெல்த் டிரைவுக்கு நடந்தால் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். இந்தக் கோயிலின் தொடக்கம் ரயில் பாதையில் இருக்கிறது! குவீன்ஸ்வே பக்கம் குடியிருந்த இந்திய ரயில்வே தொழிலாளர்கள் 1932-ல் சின்னதாக ஒரு சந்நிதி வைத்து வழிபட ஆரம்பித்தார்கள். அதே 1932-ல்தான் தஞ்சோங் பகார் நிலையம் திறந்தது, தெற்கே இந்தப் புதிய தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. பாதைக்குக் காவல் வேண்டும் என்று நினைத்த உடனே ஊரிலிருந்து முனீஸ்வரரை மனதில் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். ரயில் போய்விட்டது, முனீஸ்வரர் இருக்கிறார். நாங்கள் கைகால் கழுவி உள்ளே போனபோது தீபாராதனை நேரம். சின்னவன் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே கும்பிட்டு நின்றான். பூசாரி அந்த ஹெல்மெட்டின் மேலேயே விபூதி பூசிவிட்டுச் சிரித்தார்.

நீங்களும் போங்கள். காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள், பத்துக்கு மேல் வெயில் பிள்ளைகளைச் சோர வைத்துவிடும். பிற்பகல் இடிமழைக்கும் பயமில்லை. ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர், ஒரு பஞ்சர் பெட்டி, சைக்கிளில் மணி. நடப்பவர்களுக்கு வழிவிட்டு ஓட்டுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவோ, பெரியப்பாவோ, அவர்களோடு லயத்தில் வாழ்ந்த பாட்டியோ இருந்தால், அவர்களைக் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி வரை கூட்டிவந்து புக்கிட் தீமா நிலையத்து நெம்புகோல்களின் முன்னால் உட்கார வையுங்கள். எந்த கேங்கில் இருந்தார்கள், கூட வேலை செய்தவர்கள் பெயர் என்ன, எந்தப் பாலத்தில் எந்த மழையில் நின்றார்கள் என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். கட்டடத்தையும் பாலத்தையும் பார்த்துக்கொள்ள அரசாங்கம் இருக்கிறது. அந்தப் பெயர்களைச் சேர்த்துவைக்க நாம்தான் இருக்கிறோம். இந்த வார இறுதியிலேயே தொடங்குங்கள்.